சிஞ்ஞோர் ஸ்பதாரோவின் வலப்பக்கப் பை

அந்த வீட்டில் கிறிகோரி கை வைக்கக் கூடாத இடம் ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்காரருடைய கோட்டின் வலப்பக்கப் பை.

கிறிகோரி மன்னார்ப் பேசாலையில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்த மனிதர். தொண்ணூறில் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்தார். அடுத்த வருடத்திலிருந்து சிஞ்ஞோர் ஸ்பதாரோ வீட்டில் வேலை. ஸ்பதாரோ மனைவியை இழந்தவர். வியா மக்வேதா தெருவில் நகைக்கடை வைத்திருந்தார். சமைப்பது, கூட்டுவது, உடுப்பு மினுக்குவது எல்லாம் கிறிகோரியின் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஸ்பதாரோ சொல்லிவிட்டார்: "மற்றதெல்லாம் உன்ரை கைக்குள்ளை. வலப்பக்கப் பை மட்டும் என்ரை."

பைக்குள் இருந்தது ஒரு சின்னக் கைத்துப்பாக்கி. உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிது. நகைக்கடைக்காரர் என்பதால் அதை வைத்திருக்க அனுமதிப் பத்திரம் இருந்தது. ஸ்பதாரோ அதைப் பற்றிப் பெருமையாகக் கதைப்பார். பெரிய துவக்கு இடுப்பில் துருத்திக்கொண்டு நிற்கும், பார்க்கிறவனுக்குத் தெரியும். இது கோட்டுக்குள் இருப்பதே தெரியாது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் ஏமாற்றியதில்லை என்பார்.

அந்தப் பேச்சில் ஒரு ஓட்டை இருந்தது. வருடத்துக்கு ஒருமுறைதான் அவர் சுட்டுப் பார்க்கப் போவார். போவதற்கு முதல் நாள் ஆயுதக் கடைக்காரன் அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுப்பான். ஆகவே அவர் சோதித்தது எப்போதும் துடைத்த துப்பாக்கியைத்தான். பஞ்சும் தூசும் வியர்வையுமாய் வருடம் முழுக்கப் பைக்குள் கிடந்த துப்பாக்கியை அவர் ஒருநாளும் சோதித்ததில்லை. நம்பிக்கை என்று நாம் சொல்வதில் பாதி, கேள்வி கேட்காமல் விட்டதுதான்.

தொண்ணூற்றாறு நவம்பரில் ஆயுதக் கடைக்காரன் காய்ச்சலில் படுத்தான். ஸ்பதாரோ துடைக்காத துப்பாக்கியோடு சுடப் போனார். முதல் குண்டு போனது. இரண்டாவது பாதி வழியில் சிக்கி நின்றது.

அன்று சனிக்கிழமை. மத்தியானம் திரும்பி வந்தவர் கோட்டைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் இருந்தார். மேசையில் ஒரு வாரமாய்க் கிறிகோரியின் கடுதாசி கிடந்தது. 'இவர் என்னிடம் வேலை செய்கிறார்' என்று ஸ்பதாரோ ஒப்பம் வைத்துக் கொடுத்தால்தான் கெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்கலாம். அது முடிய இன்னும் பன்னிரண்டு நாள்.

ஸ்பதாரோ கடுதாசியைப் பார்க்கவில்லை.

"நீனோ என்ரை கோட்டுக்குள்ளை கை விட்டிருக்கிறான்" என்றார்.

நீனோ கடையில் நிற்கும் பெடியன். புகையிலை சுற்றிக் குடிப்பவன்.

"என்ன நடந்தது, சிஞ்ஞோர்?"

"துவக்கைத் திறந்து பார்த்தம். குண்டுக் கூட்டுக்குள்ளை எண்ணெயோடை ஒட்டினபடி பச்சையாய், கறுப்பாய்த் தூள். புகையிலை. நான் குடிக்கிறேல்லை, நீ குடிக்கிறேல்லை. துவக்கை வேலை செய்யாமல் பண்ணினவன், பிறகு கடையைக் கொள்ளையடிக்க ஆரையோ கூட்டிக்கொண்டு வரத்தான் பண்ணியிருப்பான். திங்கட்கிழமை பொலிசிலை அவன்ரை பேர் குடுக்கப்போறன்."

பச்சையும் கறுப்புமான தூள் என்னவென்று கிறிகோரிக்குத் தெரிந்துவிட்டது.

போன வருடம் அவருடைய மகளுக்கு அம்மை, அம்மாள் வருத்தம், வந்தபோது மன்னாரிலிருந்து காய்ந்த வேப்பிலை ஒரு பொதி வந்தது. மிஞ்சியதை அவர் வீணாக்கவில்லை. நப்தலின் உருண்டை மணம் ஸ்பதாரோவுக்குத் தலையிடி. அதனால் ஜூனில் குளிர்கோட்டுகளை அலுமாரியில் தூக்கும்போது, பூச்சி அரிக்காமல் இருக்க, மெல்லிய துணியில் வேப்பிலை கட்டிப் பைகளுக்குள் வைத்தார். துப்பாக்கி அப்போது கோடைச் சட்டைக்கு மாறியிருந்ததால் வலப்பக்கப் பையிலும் ஒன்று. நவம்பரில் முடிச்சுகளை எடுத்தார். எடுத்த பைகளையெல்லாம் வெளியே புரட்டித் தூரிகை போட்டார். வலப்பக்கப் பையை மட்டும் புரட்டவில்லை. வெறும் பைதான், ஆனாலும் ஐந்து வருடப் பழக்கம். இரண்டு விரலால் முடிச்சை இழுத்ததோடு சரி. அந்த முடிச்சின் துணி கிழிந்திருந்தது அவருக்கு நினைவு வந்தது; தூள் பைக்குள்ளேயே கொட்டியிருக்க வேண்டும். மண் ஏறிய சைக்கிள் எப்படி நிற்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போனார்.

நகரின் ஒரேத்தோப் பகுதியில் அவர்கள் இருந்தது இரண்டு அறை வீடு. மனைவி அமலினி கதையைக் கேட்டு முதலில் சிரித்தாள்.

"துவக்குக்கும் அம்மாள் வருத்தமோ? துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனிசன், இஞ்சை வந்து துவக்குக்கு வேப்பிலை கட்டியிருக்கிறார்!"

"பகிடியை விடப்பா."

"அப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. முதல்லை ஒப்பத்தை வாங்குங்கோ. பிறகு சொல்லுங்கோ."

"ஒப்பம் எண்டைக்கு வைப்பாரோ தெரியாது. பொலிசுக்குப் போறது திங்கள்."

"தமிழன் துவக்கிலை ஏதோ போட்டவனெண்டு கெஸ்தூராவிலை எழுதினால்? ஊருக்குப் பெட்டி கட்டுவமோ?"

அவள் சொன்னது பிழையில்லை. வேப்பிலையை வேப்பிலை என்று அந்த ஊரில் எவன் நம்புவான்?

ஞாயிறு பூசை முடிய, பொதியில் மிஞ்சியிருந்த இலையில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு ஸ்பதாரோ வீட்டுக்குப் போனார். மேசையில் வைத்தார். ஜூனிலிருந்து நவம்பர் வரை நடந்ததை, இத்தாலியன் தடுமாறிய இடங்களில் கையால் காட்டி, ஒன்றும் விடாமல் சொன்னார்.

ஸ்பதாரோ ஒரு இலையை நசித்து மணந்தார். கிறிகோரி இன்னொன்றை வாயில் போட்டுச் சப்பிக் காட்டினார். கிழவரும் சப்பினார். முகம் கோணியது.

"இது புகையிலை இல்லை" என்று துப்பினார். பிறகு, "உனக்கு எப்ப தெரியும்?"

"நேற்றே."

"ஏன் நேற்றுச் சொல்லேல்லை?"

"அந்தக் கடுதாசிக்குப் பயந்து."

ஸ்பதாரோ அப்போதுதான் கடுதாசியைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து போய்த் துப்பாக்கியை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கோட்டைக் கொண்டுவந்து கிறிகோரியின் மடியில் போட்டார்.

"புரட்டு" என்றார்.

கிறிகோரி அந்தப் பையை முதன்முதலாய் வெளியே புரட்டினார். வேப்பந்தூளோடு ஐந்து வருடப் பஞ்சும் ஒரு உடைந்த தீக்குச்சியும் விழுந்தன.

திங்கட்கிழமை ஸ்பதாரோ பொலிசுக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை, பால்காரனின் கணக்குத் துண்டில் வைப்பது போல, ஸ்பதாரோ கடுதாசியில் ஒப்பம் வைத்தார். நன்றியும் இல்லை, ஏச்சும் இல்லை. கெஸ்தூரா இரண்டு வருடம் கொடுத்தது.

டிசம்பரில் அவர் மறுபடி சுடப் போனார். சுத்தமான பை, துடைத்த துப்பாக்கி. நான்காவது குண்டு சிக்கியது. சின்னத் துப்பாக்கிகளுக்குக் குண்டின் ரகம் மாறினாலே பிடிக்காது, கை கொஞ்சம் தளர்ந்தாலும் பிடிக்காது என்று காய்ச்சல் மாறிய ஆயுதக் கடைக்காரன் சொன்னானாம்.

"அப்ப என்ரை இலையாலை இல்லையோ, சிஞ்ஞோர்?" என்று கிறிகோரி கேட்டார்.

"இலையாலையும்தான்" என்றார் ஸ்பதாரோ.

இரவுச் சாப்பாட்டில் அமலினி இதைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப சும்மா போய்ச் சொல்லிப்போட்டியள். உங்களாலையோ எண்டதே நிச்சயமில்லை."

"சும்மா இல்லை."

"பின்னை?"

"நீனோ இண்டைக்கும் வந்து கடை திறந்தவன்" என்றார் கிறிகோரி, சோற்றைப் பிசைந்துகொண்டு.