ராஜாம்பாள் போடாத கையெழுத்து

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ராஜாம்பாளுக்குத் தட்டிப் பார்க்கும் வேலை. சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டுவாள். கணீரென்று கேட்டால் நல்லது, சத்தம் செத்துக் கேட்டால் விரிசல். சந்தேகம் வந்தால் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபடியும் தட்டி, பக்கத்தில் இருக்கும் கனகாவிடமும் கொடுத்துக் கேட்பாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். புருஷன் லாரியில் கிளம்பினால் பத்து நாளைக்கு ஆள் தெரியாது. ஒரே மகள் அன்புக்கரசி, 2003இல் ஆறாம் வகுப்பு.

அன்புக்கரசிக்கு வாய் ஓயாது. திட்டக்குடி பஸ் எத்தனை மணிக்கு, எந்த டிரைவர் என்று கேட்டால் ஒப்பிப்பாள். கணக்கை வாயால் கேட்டால் வாயால் விடை சொல்வாள். எழுத்துதான் வம்பு. போர்டில் இருக்கிற எழுத்துகள் இடம் மாறி மாறி உட்காருகின்றன என்பாள். திமிர் என்றார் வகுப்பாசிரியர்.

அந்த வருஷம்தான் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து முகாமுக்கு அழைத்து வரச் சொல்லிப் பள்ளிகளுக்கு உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். தலைமையாசிரியர் மாணிக்கவேல் தேடியதில் ஐந்து பேர் அகப்பட்டார்கள். பக்கத்துப் பள்ளி எட்டுப் பேரைக் காட்டுகிறது என்று கேள்விப்பட்டதும், கடமையில் குறை வைக்காத அந்த மனிதர் அன்புக்கரசியையும் சேர்த்து மீதி மூன்று பேரைக் கடைசி பெஞ்சிலிருந்து கண்டறிந்தார்.

முகாமில் டாக்டர் ஒருவர், பிள்ளைகள் நூற்றுப் பன்னிரண்டு. மதியச் சாப்பாட்டுக்குள் முடித்தாக வேண்டும். அன்புக்கரசிக்குக் கிடைத்தது நான்கு நிமிஷம். படிக்கச் சொன்னார், அவளால் முடியவில்லை. படம் காட்டினார். பசு என்றாள், குடை என்றாள். அடுத்தது பியானோ. விருத்தாசலத்தில் பியானோ இல்லாத வீடு ஏது? பிள்ளை அதைக் கால் வைத்த பெட்டி என்றாள். படிவத்தில் கண், காது, கைகால், மனவளர்ச்சி என்று நான்கே கட்டங்கள். முதல் மூன்றிலும் குறை இல்லை. பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் நான்காவதில் டிக் போட்டார்.

படிவத்தை மாணிக்கவேல் ராஜாம்பாளிடம் நீட்டினார். அவள் எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“கையெழுத்துப் போடும்மா. பஸ் பாஸு வரும், உதவித்தொகை வரும். உனக்கு நல்லதுதான்” என்றார்.

“இல்லாத கொறைக்கு எதுக்குங்க சார் பஸ் பாஸு?” என்றாள் ராஜாம்பாள். “ஒரு ஃபியூஸ் கட்டைய ஒதுக்கவே நாங்க நாலு தடவ தட்டிப் பாக்குறோம். என் புள்ளைய எத்தினி தடவ பாத்தீங்க?”

அவள் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்த படிவத்தை அவர் வாங்கி மடித்துக்கொண்டார். இப்படிப் பட்டியலில் சேர்த்த பிள்ளைகள் தேர்ச்சிக் கணக்கில் வரமாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. அதை எப்படி வெளியில் சொல்வது?

வீட்டுக்கு வந்தபின் ராஜாம்பாளுக்கே பயம் பிடித்துக்கொண்டது. படித்தவர்கள் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்? தூங்கும் மகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு மகளோடு வட்டார வள மையத்துக்குப் போனாள். அங்கே சிறப்பாசிரியை துர்கா என்று ஒருவர். முப்பத்தெட்டுப் பள்ளிகளுக்கு அவர் ஒரே ஆள் என்பதால், எந்தப் பள்ளியில் விசாரித்தாலும் அவர் வேறொரு பள்ளியில் இருந்தார். ஐந்தாவது வியாழன்தான் அகப்பட்டார், கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் ஏறப் போன நேரத்தில். ராஜாம்பாளும் மகளும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

துர்கா அன்புக்கரசியோடு மூன்று மதியங்கள் உட்கார்ந்தார். கதை சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டார், எழுதவைத்தார், கலைந்த எழுத்துகளை அடுக்கச் சொன்னார். கடைசி நாள் பஸ் ஸ்டாண்டில், “புள்ளைக்கு அறிவு நல்லா இருக்குதுங்க அக்கா. எழுத்தப் படிக்கிறதுலதான் செரமம். கத்துக்கிறதுல அப்படி ஒரு கொறபாடு உண்டு” என்றார்.

அதற்குப் படிவத்தில் கட்டம் உண்டா என்று ராஜாம்பாள் கேட்டாள். இல்லை என்றார் துர்கா. பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் ராஜாம்பாள் அழுதாள். சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடலூருக்கு நாலு நடை நடந்து கற்றல் குறைபாடு என்றே சான்றிதழ் வாங்கினார்கள். வாரத்துக்கு ஒரு நாள் துர்கா வந்து, மணலில் எழுதவைத்து, துண்டு துண்டாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். 2008இல் அன்புக்கரசி வாயால் சொல்ல, வேறொருவர் எழுதிப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு மதிப்பெண். தேர்ச்சி விகிதம் பற்றிப் பள்ளி வாசலில் கட்டிய ஃபிளக்ஸில், சிறப்புக் கவனத்தால் சாதித்த மாணவி என்று அவள் படத்தோடு மாணிக்கவேல் படமும் இருந்தது. அவர் படம் கொஞ்சம் பெரியது.

இப்போதெல்லாம் முகாம் நாளில் தொழிற்பேட்டைப் பெண்கள் ராஜாம்பாளைத் துணைக்குக் கூட்டிப் போகிறார்கள். போன தடவை பூவாயியின் மகனுக்குக் காது கேட்கவில்லை என்று எழுதினார்கள். ராஜாம்பாள் படிவத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு டாக்டரிடம், எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாள். மூன்று தடவை, கருவி வைத்து, என்று அவர் பொறுமையாகக் காட்டினார்.

“அப்ப சரிங்க” என்றவள், பூவாயியைக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.