லேசர் லோரிக்கு எடுத்த ஆலத்தி

எண்பதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை. விடியற்காலை ஐந்து மணிக்கு முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கோலாலம்பூரிலிருந்து லோரியைக் கிளப்பினேன். பின்னால் சரக்கு இல்லை. கூரையில் ஜன்னல் வைத்த பெட்டிக்குள் லேசர் கருவி. வெயிலும் வண்டிப் புகையும் சேர்ந்து உண்டாக்கும் ஓசோன் வாயு எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று, ஒளியை மேலே அனுப்பியே அளந்துவிடுமாம். டவுனில் ஒரு வாரம் அளந்தாகிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க மலைக்காற்று வேண்டும் என்றார் பக்கத்தில் இருந்த ஆராய்ச்சியாளர் மிஸ் கமலா.

எனக்கும் ஒரு காரியம் இருந்தது. மகள் வள்ளிக்கு டவுனில் மூச்சிரைப்பு. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் கொழுந்தியாள் பார்வதி, பிள்ளையைத் தன்னிடம் விட்டுவிடச் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. மலைக்காற்றின் அளவைப் பார்த்து முடிவோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மலையடிவாரத்துத் தாப்பாவில் பசியாறினோம். அங்கிருந்து தானா ராத்தா சுமார் அறுபது கிலோமீட்டர், அத்தனையும் வளைவு.

"மெதுவா அண்ணே, உள்ள கண்ணாடி அசைஞ்சிட்டா போச்சு."

"மலை ஏறுறது முருகன் பாடு மிஸ். பிரேக் மட்டும்தான் என் பாடு."

கியா பார்ம், திரிங்காப் கடந்து, கம்போங் ராஜா பக்கத்துத் தோட்டத்துக்குப் பதினொரு மணிக்குச் சேர்ந்தோம். பிற்பகலில் மஞ்சு, அதான் மூடுபனி, இறங்கிவிட்டால் அளக்க முடியாது. மறுநாள் திரும்பியாக வேண்டும்.

கருவி ஓட ஆரம்பித்ததுமே காகிதத்தில் கோடு தாறுமாறாகக் குதித்தது. வெளியே எட்டிப் பார்த்தால் லோரியைச் சுற்றிச் சாம்பிராணிப் புகை! புது வண்டி வந்தால் புகை காட்டி ஆலத்தி எடுப்பது லயத்து வரிசை வீடுகளில் வழக்கம். தூபக்காலோடு பார்வதி நின்றாள். மிஸ் காகிதத்தோடு வெளியே ஓடி வந்தார்.

"ஐயோ அக்கா, சாம்பிராணிய அளக்கவா இவ்ளோ தூரம் வந்தேன்?"

"வெள்ளிக்கிழமை வந்த வண்டிய சும்மா விட முடியுமா லா? கண்ணு பட்டு டயர் வெடிச்சா நீங்களா மாத்துவீங்க?"

எதிர் மலையில் மஞ்சு இறங்க ஆரம்பித்திருந்தது. நான் பார்வதியிடம் போனேன்.

"பார்வதி, கற்பூரம் ஏத்தாம ஆலத்திய மட்டும் சுத்து. மஞ்சத்தண்ணில புகை ஏது?"

"கற்பூரம் இல்லாமலா மாமா?"

"நம்ம மனசு சாமிக்குத் தெரியாதா? இந்த அளவ வச்சுத்தான் வள்ளிய இங்க விடுறதா வேணாமான்னு பார்க்கணும்."

யோசித்தாள். தூபக்காலைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, சிவந்த ஆலத்தித் தண்ணீரை மூன்று சுற்றுச் சுற்றி ரோட்டில் ஊற்றினாள். பிறகு லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "இவங்க முடிக்கிற வரைக்கும் யாரும் அடுப்பு பத்த வைக்காதீங்க! எங்கக்கா பிள்ளைக்காக!"

அன்று லயத்தில் சோறு ஆக நேரமாயிற்று. மஞ்சு எங்களைத் தொடும் முன், இரண்டரை மணிக்கு அளந்து முடித்தோம்.

மிஸ் இரண்டு காகிதங்களை விரித்தார். டவுன் கோடு காலையில் தாழ்ந்தும் மத்தியானத்துக்கு மேல் ஏறியும் இருந்தது. மலைக்கோட்டில் அந்த ஏற்றம் இல்லை.

"ஒரு நாள வச்சு மலையப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன் அண்ணே. டவுன்ல வாரம் முழுக்க மத்தியானம்தான் மோசம். பிள்ளைக்கு எப்ப இரைக்குது?"

"ஸ்கூல் விட்டு வந்து, வெயில்ல ஓடி விளையாடும்போது."

"அந்த நேரத்த மாத்திப் பாருங்க. டாக்டரையும் விடாதீங்க."

பார்வதிக்கு விளங்கிவிட்டது. "அப்ப பிள்ள வராதா மாமா?"

"ஸ்கூல் லீவுக்கு வரும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனவள், தேயிலைப் பொட்டலத்தோடு வந்தாள். "அக்காவ மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க."

மறுநாள் பிற்பகல் கோலாலம்பூர். மேலே பார்த்தேன், வானம் எப்போதும்போலத்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாததை நம்புவது எனக்குப் புதிதில்லை. தெருவில் ஓடி வந்த வள்ளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"இந்த வெயில்ல வேண்டாம், நாளைக்குக் காலையில விளையாடலாம்மா. நீ எங்கயும் போகல."

அதைக் கேட்ட என் மனைவி, எனக்கு ஒரு தட்டும் தனக்கு ஒரு தட்டும் எடுத்து வைத்தாள்.