மச்சாளின் இடியப்ப உரல்

பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்ற கையோடு நான் வாங்கியது ஒரு சின்ன லேத் மெசின். இரும்பையும் அலுமினியத்தையும் சுழலவிட்டுச் சீவுகிற சாமான். மலிவானது, மேசையில் வைக்கலாம்.

"இந்த வயதிலை ஆக்கள் கோயில் குளமெண்டு போவினம்," என்றார் கணவர். அவருடைய மோட்டார் சைக்கிள் நின்ற கராஜில்தான் மெசினை வைத்தேன். மோட்டார் சைக்கிள் மாமரத்தடிக்குப் போனது.

மலிவுக்கென்று சில குணங்கள் இருந்தன. கைபிடிச் சக்கரத்தைத் திருப்பினால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் கத்தி நகரும். பக்கத்து வீட்டில் கிணற்று மோட்டரைப் போட்டால் மெசினுக்கு மூச்சு வாங்கும். உருளையாகத் தொடங்கிய எதுவும் ஒரு பக்கம் கூம்பி, கரட் கிழங்கு வடிவில்தான் முடிந்தது. அலுமினியச் சுருள்கள் கணவரின் சாரத்தில் ஒட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைவரை வந்தன.

அந்த நேரம்தான் மச்சாளின் இடியப்ப உரல் பழுதானது. மச்சாள் என்றால் கணவரின் அக்கா, அடுத்த ஒழுங்கையில் இருக்கிறா. உரல் பித்தளை, மாவை அமத்துகிற மரக்கட்டை பிளந்துபோச்சு. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றார் கணவர்.

"என்னத்துக்கு? நான் அலுமினியத்திலை கடைஞ்சு தாறன்," என்றேன்.

மச்சாள் தம்பியைப் பார்த்தா. தம்பி முகட்டைப் பார்த்தார்.

வேணியர் இடுக்கிமானியால் உரலின் உட்பக்கத்தை மேலும் கீழும் அளந்தேன். பக்கத்திலுள்ள திருநெல்வேலிச் சந்திப் பழைய இரும்புக் கடையில் எடுத்த அலுமினியக் கட்டிகளில் இரண்டு கரட்டாகிப் போயின. மூன்றாவது அச்சொட்டாக வந்தது. வெறும் உரலுக்குள் விட்டுப் பார்த்தேன். மெல்லப் பெருமூச்சு விட்டபடி இறங்கியது. இழுத்தேன், வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மச்சாளின் குசினியில் முதல் உரல் மாவைப் பிழிந்தபோது இடியப்பம் பட்டுநூல் மாதிரி விழுந்தது. "பரவாயில்லையே," என்றா. பிறகு கட்டையை வெளியே இழுத்தா. வரவில்லை. நான் இழுத்தேன். கணவரைக் கூப்பிட்டோம்.

"நீர் உரலைப் பிடியும், நான் கட்டையை இழுக்கிறன்," என்றார்.

இழுத்தோம். "டொப்" என்று சத்தம். உரல் என் கையில் இருந்தது. கட்டை அவர் கையில். அவர் மா குழைத்து வைத்த தாச்சிச் சட்டிக்குள் இருந்தார்.

மச்சாள் தம்பியைத் தூக்கவில்லை. "என்ரை மா!" என்றா.

வீட்டுக்கு வரும் வழியில்தான் விளங்கியது. ஓட்டைகளில் மா அடைத்திருக்கிறது, கட்டையோ இறுக்கம், உள்ளே போகக் காற்றுக்கு வழியில்லை. வளிமண்டல அமுக்கத்தைப் பற்றி எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பித்திருப்பேன்! கட்டையின் நடுவில் ஒரு துளை போட்டேன். காற்றுப் போக வேண்டும் என்ற ஆத்திரத்தில் கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் மச்சாள் குனிந்து நின்று முழுப்பலத்தோடு அமத்தினா. கீழே ஒன்றும் வரவில்லை. மேலே துளையால் தடித்த ஒற்றை இடியப்பம் ஒன்று எழும்பி வந்து அவவின் கண்ணாடியில் ஒட்டியது.

"பிள்ளை," என்றா கண்ணாடியைத் துடைக்காமலே, "உது உரலோ, சுடுற துவக்கோ?"

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன். பின்னால் நின்ற கணவர்தான் முதலில் சிரித்தார். பிறகு மச்சாளும் சிரித்தா. சிரிப்பு நின்றதும், சரிவராவிட்டால் உரலோடு வீட்டுப்பக்கம் வரவே வேண்டாம் என்றும் சொன்னா.

அடுத்த கட்டையைச் சற்று மெலிதாகக் கடைந்து, காற்று மட்டும் போகப் பக்கத்தில் ஒரு சின்னக் கீறு போட்டேன். அழகில் முந்தியதற்குக் கிட்டவும் வராது. ஆனால் பிழிந்தது, இழுத்தால் வந்தது. மச்சாள் அடுத்த மாவை உரலுக்குள் வைத்தா. அவவிடமிருந்து அதுதான் பாராட்டு.

பிறகொரு நாள் சொந்தக்காரர் வீட்டுச் சடங்குக்கு மச்சாள் அந்த உரலைக் கொண்டுவந்தா. கட்டை எங்கே வாங்கியது என்று ஒரு பெண் கேட்டா.

"என்ரை மகன் கனடாவிலையிருந்து அனுப்பினவன்," என்றா மச்சாள், கண் இமைக்காமல்.

எனக்குச் சுருக்கென்றது. அவ என் பக்கம் சரிந்து, "உன்ரை பேரைச் சொன்னால் நாளைக்கு எல்லாரும் உரலோடை உன்ரை வீட்டுப் படலையிலை நிப்பினம். பிறகு என்ரை தம்பிக்கு ஆர் சமைக்கிறது?" என்று காதுக்குள் சொன்னா.

கேட்ட பெண் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வெளிநாட்டுச் சாமானெண்டால் கையிலை பிடிக்கேக்கையே தெரியும்," என்றா.

"ஓம் ஓம்," என்றேன் நானும்.