தேவாரத்துக்குப் போன கிலுகிலுப்பை

உத்தமபாளையம் மரக்கடைசல் பட்டறை காதர் ராவுத்தர் மௌத்தாகிவிட்ட செய்தியைச் சின்னமனூரில் எனக்குச் சொன்னவர், கரியில் ஓடும் பஸ்ஸின் டிரைவர். பஸ் வழியில் மூன்று இடத்தில் நின்றுவிட்டதால், செய்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. யுத்த காலத்தில் துக்கமும் பெட்ரோல் இருந்தால்தான் நேரத்துக்கு வரும்.

அவரிடம் குங்குமச் சிமிழ் வாங்கியவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். மற்றவர்கள் கடைந்த சாமானுக்குச் சிவப்பும் மஞ்சளுமாக அரக்குப் பூசுவார்கள். இவர் காபித் தூர், மாதுளை வேர், நாவல் என்று பிறர் அடுப்பில் வைப்பதைக் கடைந்து, வெறும் மரமாகவே கொடுப்பார். “மரத்துக்குச் சட்டை போடுறவன் எதையோ மறைக்கிறான் வாத்தியாரே” என்பார். பள்ளிக்கூடத்தில் நான் எதையும் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பட்டறையில் இருந்தபோது, மலையிலிருந்து கட்டை கொண்டுவரும் வண்டிக்காரர் வந்தார்.

“ராவுத்தரே, பலாக்கட்டைக்கு அடியில ஒரு எட்டித்துண்டு கிடந்துச்சே, என்ன செஞ்சீக?”

“எட்டியா?”

“வெள்ளையா, பட்டை உரிஞ்சு…”

ராவுத்தர் மூலையில் கிடந்த மிச்சத் துண்டை எடுத்து நாக்கில் வைத்தார். ஒரே கசப்பு; வைத்த வேகத்தில் துப்பினார். குமிழ மரம் என்று நினைத்து, முந்தின நாள்தான் அதில் ஒரு கிலுகிலுப்பை கடைந்து, தேவாரம் ஊர் ஏலக்காய் வியாபாரியின் பேரனுக்கு அனுப்பியிருந்தார். எட்டி விஷமரம். பிள்ளைக்கு எட்டு மாதம். எது கிடைத்தாலும் வாயில் வைக்கும் வயது.

வாடகை சைக்கிளில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். கோம்பை தாண்டுவதற்குள் அவருக்காக ஒரு பொய் தயார் செய்துவிட்டேன்: பிடியில் விரிசல், மாற்றித் தருகிறோம். நல்ல பொய், விரிசலின் நீளம்வரை யோசித்திருந்தேன்.

“வேகமா மிதிங்க” என்றார் அவர்.

வியாபாரி வீட்டு வாசலில் கூட்டம் இல்லை. உள்ளே பிள்ளையின் சத்தமும் இல்லை. பிள்ளையின் தாய் வெளியே வந்தாள்.

“நல்லா வந்தீக மாமா! என்ன மரம் இது? வாயில வச்சதும் வீல்னு கத்துறான்.”

“முழுங்கினானா ஆத்தா?”

“முழுங்கவா? துப்பித் துப்பி என் சேலையெல்லாம் எச்சி. இப்பத்தான் தூங்குறான்.”

கிலுகிலுப்பை அவள் கையிலேயே இருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். “பிடியில ஒரு விரிசல்…” என்று ஆரம்பித்தேன்.

“விரிசலும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றார் ராவுத்தர். “இது எட்டி, ஆத்தா. பாக்காமக் கடைஞ்சிட்டேன். தூங்க விடாத, எழுப்பு. வைத்தியரைக் கூப்பிடு.”

உள்ளேயிருந்து வியாபாரி எழுந்து வந்தார். “ஏலே, எம் பேரனுக்கா விஷத்தைக் குடுத்த?” ஓங்கிய கையை என்னால் தடுக்க முடியவில்லை. அறை விழுந்தது. ராவுத்தர் கன்னத்தைக்கூடத் தொடவில்லை. “அடிங்க. முதல்ல பிள்ளைய எழுப்புங்க” என்றார்.

வைத்தியர் வந்து, பிள்ளையின் கண்ணையும் கை கால்களையும் பார்த்து, சாயங்காலம்வரை கவனிக்கச் சொன்னார். ராவுத்தர் அதுவரை தெருவில் நின்றார். பொழுது சாயும்போது உள்ளேயிருந்து பிள்ளையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்தார்.

தேவாரத்தில் அதற்குப் பிறகு நெடுநாள் யாரும் அவரிடம் ஒரு சிமிழ்கூட வாங்கவில்லை. அவர் அதைப் பற்றிக் குறைபட்டதும் இல்லை.

அவர் கடைந்த சாமான் எதுவும் என்னிடம் இல்லை. இருப்பது, கோம்பைச் சாலையில் அவருக்காக நான் செய்து, அவர் வாங்கிக்கொள்ளாத அந்தப் பொய் ஒன்றுதான். அதை வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.