அரிசி மா மட்டும்தான்

தோஹாவில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். நஜ்மாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. கீழே ஒரு சலூனும் ஒரு பலசரக்குக் கடையும். அக்காவும் அத்தானும் அவர்களுடைய மகளும் பெரிய அறையில், குசினியை ஒட்டின சின்ன அறையில் நான். ஏசி திருத்துகிற கம்பனி ஒன்றில் எனக்குக் கணக்கு வேலை. அதை எடுத்துத் தந்தது அத்தான். "அவளை என்னட்டை விடுங்கோ அம்மா, நான் பாக்கிறன்" என்று சொல்லி யாழ்ப்பாணத்திலிருந்து என்னைக் கூப்பிட்டது அக்கா.

பார்க்கத்தான் செய்தாள். அதை முதலே சொல்லிவிட வேண்டும்.

வந்த அடுத்த வருடம் என் உடம்பு கெட்டது. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் வேலையிடத்தில் எல்லோரும் சேர்ந்து எடுப்பிக்கிற குபூஸ் ரொட்டி அல்லது பரோட்டா. சாப்பிட்ட கையோடு வயிறு ஊதிப் பாவாடை நாடா இறுகிவிடும். வாய்க்குள் புண். சீப்பில் கொத்துக் கொத்தாக மயிர். வயிற்றால் போவது நிற்காது. காலையில் கம்பனி பஸ்ஸில் ஏறும்போதே, இடையில் அடக்க முடியாமல் வந்தால் எங்கே இறங்குவது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு போவேன். ஒரு டொக்டர் வாயு என்றார். இன்னொருவர், வீட்டை நினைத்துக் கவலைப்படுகிறீர்களா என்று கேட்டார். இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். குடித்தும் இரும்பு ஏறவில்லை.

வேலையிடத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு மலையாளப் பெண் இருந்தாள். "கொஞ்ச நாள் கோதம்பை விட்டுப் பாரு" என்றாள். அவளுடைய தம்பிக்கும் இப்படித்தானாம். கோதுமையை விட்டுப் பார்த்தேன். மாதம் திரும்புவதற்குள் வயிறு வயிறாக இருந்தது. எனக்கே நம்ப முடியவில்லை.

சில மாதங்கள் அப்படி இருந்துவிட்டுத்தான் குடல் டொக்டரிடம் போனேன். முறைப்படி நான் முதலே போயிருக்க வேண்டும். அவர் பொறுமையான ஆள், பாலக்காட்டுக்காரர், நல்ல தமிழ் பேசினார். சீலியாக் என்று ஒரு வருத்தம் இருக்கிறது, கோதுமையில் இருக்கிற ஒரு சத்தைக் கண்டால் உடம்பு தன் குடலையே எதிரியாக நினைத்து அரித்துவிடும் என்று விளக்கினார். இரத்தம் எடுத்தார். ஒன்றும் தெரியவில்லை.

"நீங்க ஏற்கெனவே கோதுமையை நிறுத்திட்டீங்க, அதனால டெஸ்ட்டுல வராது. இல்லைன்னும் சொல்ல முடியாது. இருக்கலாம்" என்றார். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் சில கிழமைகள் திரும்பவும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வர வேண்டுமாம். காலைப் பஸ்ஸை நினைத்தேன். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அப்படியென்றால் இருக்கிறது என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள், ஒரு துகள்கூடக் கூடாது என்று அனுப்பினார்.

அந்த 'இருக்கலாம்' எங்கள் வீட்டில் பகிடியாகிவிட்டது. "காய்ச்சல் எண்டால் காய்ச்சல், சலரோகம் எண்டால் சலரோகம். இருக்கலாம் எண்டு ஒரு வருத்தத்தை இப்பதான் கேள்விப்படுறன்" என்பார் அத்தான். அம்மா போனில், "இஞ்சை இருக்கேக்கை பாண் திண்டு வளந்த பிள்ளைதானே நீ" என்பாள். அது உண்மைதான்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எனக்கென்று வேறு சட்டி, வேறு அகப்பை, வேறு அரிதட்டு வாங்கினாள். கடையில் போத்தல்களைத் திருப்பித் திருப்பிப் பொடி எழுத்தை வாசிப்பாள். கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்ததே அவள்தான். அன்றைக்கே வீட்டிலிருந்த டப்பாவைத் தூக்கி எறிந்தாள். சிவப்பரிசி மாவை வறுத்து ஒரு போத்தலில் போட்டு, அதில் எனக்கு மட்டும் பிட்டு அவிப்பாள். எங்கள் பக்கத்தில் அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவும் சேர்த்துப் பிட்டவிப்பதுதான் வழக்கம், மெதுமையாக வரும் என்று. அவர்களுக்கு அது. எனக்கு வேறு. "அரிசி மா மட்டும்தான், பயப்பிடாமல் சாப்பிடு" என்று கோப்பையைக் கையில் தருவாள்.

வெளியில் நான் எல்லோரையும் குறுக்குக் கேள்வி கேட்டே சாப்பிட்டேன். சாம்பாரில் மைதா கரைத்து ஊற்றினீர்களா, பொரிக்கிற எண்ணெயில் வேறென்ன பொரித்தீர்கள் என்று கேட்பேன். நான் என்ன கேட்கிறேன் என்று விளங்காமலே "மாஃபி முஷ்கில் சிஸ்டர்", ஒரு பிரச்சினையும் இல்லை, என்று ஒரு பெடியன் தட்டைக் கொண்டுவந்து வைப்பான். எழும்பி வந்துவிடுவேன். கேட்காமல் சாப்பிட்ட ஒரே இடம் அக்காவின் குசினி.

அந்த நேரம்தான் கனடாச் சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளையின் தாய் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் அக்காவோடு வீடியோவில் கதைப்பா.

"உந்தச் சாப்பாட்டுக் கதையை அவையளுக்குச் சொல்லிப்போடாதை" என்றாள் அக்கா ஒருநாள்.

"ஏன்? அங்கை போய் நான் என்னத்தைச் சாப்பிடுறது? அவருக்கு நான் சொல்லத்தான் போறன்."

"வருத்தக்காரி எண்டு விட்டிட்டுப் போடுவினம். டொக்டரே நிச்சயமாச் சொல்லேல்லை. நீ ஏன் உன்ரை வாயாலை சொல்லுறாய்?"

இரண்டு பேரும் கொஞ்சம் சத்தம் போட்டோம். பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தேன்.

நோன்புப் பெருநாள் லீவு முடிந்து வேலைக்குப் போகத் தொடங்கியதும் எனக்குத் திரும்ப ஆரம்பித்தது. அதே ஊதல், அதே புண், அதே ஓட்டம். எங்கிருந்து வருகிறது என்று தேடித் தேடிக் களைத்தேன். பற்பசையை மாற்றினேன். உதட்டுக்குப் பூசுவதை எறிந்தேன். வேலையிடத்துத் தேத்தண்ணிக் கோப்பையைச் சந்தேகப்பட்டு என் கோப்பையைப் பையில் கொண்டு திரிந்தேன். அக்காவும் சேர்ந்து தேடினாள். "உன்ரை கரண்டியை அங்கை ஆரும் எடுத்துப் பாவிச்சிருப்பினம்" என்றாள். "வெயிலுக்கும் இருக்கும், எல்லாருக்கும் இப்ப வயிறு சரியில்லைத்தானே" என்றாள். நான் சத்தியெடுக்கும்போது குளியலறை வாசலில் குந்தியிருந்து முதுகைத் தடவுவாள். மல்லி அவித்துத் தருவாள்.

ஒருநாள் காலையில் பஸ்ஸில் முடியாமல் போய், டிரைவரைக் கெஞ்சி ஒரு பெற்றோல் செட்டில் இறங்கி ஓடினேன். பஸ் முழுக்க ஆண்கள், என்னோடு ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள். அவர்கள் வெயிலில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி ஏறியபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. பின்னேரம் வந்து அக்காவின் மடியில் படுத்து அதைச் சொல்லி அழுதேன். அவளும் அழுதாள். உண்மையாகவே கண்ணீர் வந்தது அவளுக்கு. அடுத்த நாள் காலையில் பிட்டு அவித்துத் தந்தாள்.

பிறகொரு வெள்ளிக்கிழமை. லீவு நாள். நான் அறைக்குள் சுருண்டு படுத்திருந்தேன். ஹோலில் அக்கா கனடாவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. நான் நித்திரை என்று நினைத்திருப்பாள்.

என் சாப்பாட்டுக் கதை எப்படியோ மாப்பிள்ளையின் தாயின் காதுக்குப் போயிருக்க வேண்டும். அவ என்ன கேட்டா என்று எனக்குக் கேட்கவில்லை. அக்காவின் பதில்தான் கேட்டது.

"ஐயோ அன்ரி, ஒரு வருத்தமும் இல்லை. ஆரோ சொன்னதைக் கேட்டு இவளுக்கு ஒரு மனப்பயம். பெருநாளிலை இருந்து நான் கோதுமை மா கலந்துதான் பிட்டவிச்சுக் குடுக்கிறன். அவளுக்கே தெரியாது. பாதிக்குப் பாதி. ஒண்டும் செய்யேல்லை. நல்லாச் சாப்பிடுறாள்."

சிரித்தாள். அந்தப் பக்கத்திலும் சிரிப்புக் கேட்டது.

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். என் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து, மாவைக் கையில் கொட்டிப் பார்த்தேன். நிறம் வெளிறியிருந்தது. ஒவ்வொரு நாளும் கண்ணுக்கு முன்னால் இருந்த போத்தல். ஒருநாளும் நான் திறந்து பார்த்ததில்லை.

அக்கா போனை வைத்துவிட்டு வந்து வாசலில் நின்றாள். என் கையில் மாவைக் கண்டதும் முகம் மாறியது. கொஞ்ச நேரம்தான். பிறகு நிமிர்ந்துவிட்டாள்.

"ஓம், கலந்தனான். இப்ப என்ன, செத்துப்போட்டியோ?"

"அக்கா, நான் சத்தியெடுக்கேக்கை நீங்கள்தானே பக்கத்திலை இருந்தனீங்கள்."

"அது வெயில்."

"தெரிஞ்சுகொண்டோ என்ரை முதுகைத் தடவினனீங்கள்?"

"உன்ரை நன்மைக்குத்தான் செய்தனான். உந்தப் பயத்தோடை நீ எப்பிடி ஒரு வீட்டிலை போய் வாழுவாய்? உனக்கு ஒண்டுமில்லை எண்டு உனக்கே காட்டத்தான்."

சத்தம் கேட்டு அத்தான் வந்தார். அவர் நியாயம் கேட்பார் என்று நினைத்து நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் வேண்டாமெண்டு சொன்னனான் பிள்ளை. அவள் கேக்கேல்லை" என்றார்.

அப்படியென்றால் அவருக்கும் தெரியும். அவரும் ஒரே மேசையில் இருந்து, நான் அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு, சாப்பிட்டிருக்கிறார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். போவதற்கு இடம் இல்லை. நடுப்பகல், தெருவில் சனமில்லை, சுவரெல்லாம் அனல். பலசரக்குக் கடைக்குள் போய்ச் சவர்க்காரம் பார்ப்பது போல நின்றேன். கடைக்காரர் இரண்டு தரம் "என்ன வேணும்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாமல் எவ்வளவு நேரம் நிற்பது? அதே படியில் ஏறி, அதே கதவைத் தட்டி, அவள் திறக்க உள்ளே போனேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அந்தத் தட்டலை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அன்றைக்கு முட்டை இரண்டை நானே அவித்துச் சாப்பிட்டேன்.

டொக்டரிடம் தனியாக டாக்ஸியில் போனேன். நடந்ததைச் சொன்னேன். கூடப்பிறந்த அக்கா என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டில் ஒருவர் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெருநாள்லேர்ந்தா? தினமுமா?"

"ஓம்."

"பண்ணக் கூடாத காரியம்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா டெஸ்ட் எடுக்க இதுதான் நேரம். இன்னைக்கே ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

இரத்தத்தில் அவர் பார்த்த அளவுகள் எல்லாம் பல மடங்கு ஏறியிருந்தன. பிறகு குழாய் விட்டுக் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மயக்க மருந்து தருவதால் கூட ஒருவர் வர வேண்டும் என்றார்கள். மலையாளப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அரைநாள் லீவு போட்டு, என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியில் காத்திருந்தாள். முடிவு வந்தது. சீலியாக்தான். இனி 'இருக்கலாம்' இல்லை.

நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் விசர் என்பார்கள். ஆனாலும் ஒரு விதமாக நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த மாதமே இரண்டு தெரு தள்ளி, இலங்கைப் பெண்கள் இருவர் இருந்த அறையில் ஒரு கட்டில் எடுத்துக்கொண்டு மாறினேன். கனடா மாப்பிள்ளைக்கு நானே எழுதி, இருப்பதைச் சொன்னேன். நன்றி என்று பதில் போட்டார். கொஞ்ச நாளில், சாதகம் பொருந்தவில்லை என்று அவருடைய தாய் அக்காவுக்குச் சொல்லிவிட்டா.

இதெல்லாம் எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது அம்மாவின் போன்.

"அக்காவோடை கோவிக்காதை பிள்ளை. அவள் அப்பிடிச் செய்தபடியாலைதானே உன்ரை வருத்தத்தைக் கண்டுபிடிச்சது. டொக்டரே சொன்னவராமே, அதுதான் சரியான நேரம் எண்டு."

டொக்டர் சொன்னதை நான் அத்தானிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அது அக்காவிடம் போய், அக்காவிடமிருந்து ஊருக்குப் போய், இந்த மாதிரித் திரும்பி என் காதுக்கு வந்திருக்கிறது. பெரியம்மாவும் அதையே சொன்னா. கொழும்பிலிருந்து மாமியும் சொன்னா. அக்கா இல்லாவிட்டால் எனக்குத் தெரிய வந்திருக்காதாம். நான் ஒருவரோடும் வாதாடவில்லை. முதலில் ஒருவரும் நம்பவில்லை. இப்போது எல்லோரும் நம்புகிறார்கள், அவளுடைய கெட்டித்தனமாக.

அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் செய்தது பிழை என்று ஆகிவிடுமே.

வெள்ளிக்கிழமைகளில் நான் அங்கே போகிறேன். அவளுடைய மகளுக்காக. பத்து நிமிடம் இருப்பேன், சில வேளை ஒரு மணித்தியாலம். தண்ணீர்கூட என் போத்தலில் கொண்டுபோவேன். அக்கா ஒன்றும் கேட்பதில்லை. கொஞ்ச நாளைக்கு முன், பிள்ளை எனக்குப் பக்கத்தில் வந்து குந்தி ஆங்கிலத்தில் கேட்டாள், சித்தி, நீங்கள் ஏன் எங்கள் வீட்டில் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று பயந்த முகம். அந்த முகத்தை அப்படியே கொஞ்ச நேரம் விட்டு வைத்தேன்.

"சித்திக்கு வருத்தம், பிள்ளை" என்றேன்.

அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.