கவாத்து மிளாரும் கண்ணாடி போட்ட சர்டிபிகேட்டும்

கவாத்து வெட்டிய தேயிலைக் காட்டின் வாசம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பச்சைக் காம்பு வெட்டுப்பட்டு, கொஞ்சம் கசப்பாக, கொஞ்சம் ஈர மண்ணோடு... மூக்கில் ஏறினால் அன்றைக்கு முழுக்க இறங்காது.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில்தான் எனக்கு முதல் வேலை. குவாலிட்டி அசிஸ்டென்ட். பேர் மட்டும்தான் பெருசு... தூளைச் சலித்துப் பார்ப்பது, ஈரப்பதம் குறிப்பது, ஆடிட் வந்தால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. மேட்டுப்பாளையம் வெயிலில் வளர்ந்தவள், அந்தக் குளிரில் முதல் வாரமே அழுதுவிட்டேன்.

என் குவார்ட்டர்ஸுக்குக் கீழேதான் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். முதல் வீடு சரோஜா அக்காவுடையது. கொழுந்து பறிப்பவர். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்தவர். டீ என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"இந்தா புள்ள, தேத்தண்ணி குடி. வெறச்சிப் போய் நிக்கிற."

குளிக்க வெந்நீரும் அவர் அடுப்பிலிருந்துதான் எனக்கு வரும்.

அந்த அடுப்பு எரிந்தது கவாத்து மிளாரில். செடியை வெட்டி இறக்கினால் குச்சிகள் மலைமலையாக விழும். காய்ந்ததும் லைன்காரர்கள் கட்டிக்கொண்டு போவார்கள். எங்கேயும் எழுதி வைக்காத உரிமை அது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதல் சுமை, பிறகுதான் மற்றவர்களுக்கு. அதில் சண்டை வந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் சரோஜா அக்காவின் மகள் கவிதா பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் சுமை அவர்களுக்கு என்று லைனே பேசி வைத்திருந்தது.

அதே வருஷம்தான் எங்கள் எஸ்டேட் சஸ்டெயினபிள் சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டது. வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் கேட்கிறார்களாம். புரொஜெக்டரோடு ஒருவர் வந்து வகுப்பு எடுத்தார். கவாத்து மிளார் காட்டிலேயே மக்க வேண்டும், மண்ணுக்கு அதுதான் சத்து, மழையில் மண் அரிக்காது... சும்மா சொல்லக்கூடாது, அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"இனிமே மிளார ஒருத்தரும் எடுக்கக் கூடாதுங்க. அது மண்ணுக்குச் சாப்பாடு."

சரோஜா அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"மண்ணு சாப்புடட்டும் தொரை. எங்க சோறு எதுல வேகும்?"

எல்லோரும் சிரித்தோம். மேனேஜரும்தான்.

"கேஸ் வருதும்மா. செகண்ட் ஃபேஸ்ல வச்சிருக்கோம்."

முதல் ஃபேஸில் என்ன இருந்தது தெரியுமா? அறிவிப்புப் பலகை, கலர் கலராகக் குப்பைத் தொட்டி, ஃபேக்டரிக்குள் போட்டுக்கொள்ள வெள்ளைக் கோட்டு. ஆடிட்டில் கேட்கும் கேள்விகளுக்கு எதெல்லாம் வேண்டுமோ அது முதலில். அடுப்பைப் பற்றி அந்த முறை கேள்வியே கிடையாது.

நான் மேனேஜர் ரூமுக்குள் போய்க் கேட்டேன். "சார், கேஸ் வர்ற வரைக்கும் எடுத்துக்கட்டுமேங்க? புள்ள பெக்கப் போற ஊடு இருக்குதுங்க."

"ஆடிட்டர் காட்டுக்குள்ள நடந்து பாப்பாங்கம்மா. ஒரு இடம் வெறிச்சுனு இருந்தாப் போச்சு."

கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

மழை பிடித்துக்கொண்டது. கவிதாவுக்குப் பெண் குழந்தை. அந்த ஈரக் குளிரில் பச்சைக் குழந்தையையும் தாயையும் வைத்துக்கொண்டு வெந்நீர் இல்லாமல் எப்படி? மிளார் கண்ணெதிரே கிடக்கிறது, அதற்கு வாட்ச்மேன் காவல் நிற்கிறார். பெண்கள் எஸ்டேட்டைத் தாண்டிச் சோலைக்காட்டு ஓரத்துக்கு விறகுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. எதிரே வருகிற ஆள் தெரியாத பனி. குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டுமென்று சரோஜா அக்கா தனியாகப் போய்விட்டார். பனிக்குள் நின்ற காட்டுமாடு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு ஓடியவர்கள் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஜீப் கோத்தகிரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

அக்காவின் அடுப்பு அணைந்தே கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் வெந்நீர் கொண்டுவந்து குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். நான் வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஆடிட் வந்தது. பாஸ் ஆனோம்.

கண்ணாடி போட்ட சர்டிபிகேட்டை மாட்டிய அன்று எல்லோருக்கும் லட்டு. மேனேஜர் சந்தோஷமாகப் பேசினார். "இந்த வருஷம் நம்ம எஸ்டேட்ல ஒரு ஆக்சிடென்ட் கூட இல்லீங்க." கை தட்டினார்கள்.

சரோஜா அக்காவின் புருஷன் முருகையா அண்ணன் கூட்டத்தில் இருந்தார்.

"அப்ப எங்க சரோசா எப்புடிங்க தொரை செத்தா?"

கைதட்டல் நின்றுவிட்டது.

"அது... நம்ம எல்லைக்கு வெளியங்க, முருகையா. லீவு நாளு வேற." குரல் தணிந்துதான் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அண்ணன் லட்டை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தார்.

அடுத்த ஆடிட்டில் அடுப்பைப் பற்றியும் கேட்பார்கள் என்று தெரிந்ததும் எல்லா வீட்டுக்கும் கேஸ் வந்தது. மளமளவென்று வந்தது.

இப்போது நான் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். போன மாதம் எஸ்டேட் பக்கம் போயிருந்தேன். மண் பொலபொலவென்று இருக்கிறது, செடியெல்லாம் அப்படி ஒரு தளதளப்பு. கவிதாவும் இப்போது அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். அவள் வீட்டுக்குப் போனபோது மகள் ஸ்கூலுக்குப் போயிருந்தாள். லைட்டரை ஒரு தட்டு... அடுப்பு பிடித்துக்கொண்டது.

"பரவால்ல கவி, இப்ப வெறகுக் கஷ்டம் இல்ல" என்றேன், பேச வேறு எதுவும் கிடைக்காமல்.

"இல்லக்கா. எங்கம்மாவக் குடுத்துத்தானே இந்த அடுப்ப வாங்குனோம்."

கோபமே இல்லை அவள் குரலில். பாலை ஊற்றியபடியே கேட்டாள், "தேத்தண்ணிக்குச் சீனி போடவா, வேணாமாக்கா?"

போடு என்றேன்.