கரும்பு வண்டியில் மாட்டிய வார்த்தைகள்

போன மாதம் ஒரு காலையில் என்னுடைய இருபது ஜெர்மன் வார்த்தைகள் காணாமல் போயின. தொலைத்த இடம்கூடத் தெரியும் — மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசல்.

ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 தேர்வு பாஸ் செய்தால்தான் எனக்கு விசா. கணவர் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனபோது பாப்பாவுக்கு மூன்று மாதம். இப்போது இரண்டரை வயது. அப்பா என்றால் அவளுக்கு செல்போன்தான். ஸ்கிரீனில் இட்லியை அப்பி ஊட்டிவிடுகிறாள். அதைத் துடைக்கும்போதெல்லாம் தேர்வை நினைத்து எனக்குப் பயம்... காலையில் படித்த வார்த்தை மதியம் இருப்பதில்லையே!

ஆன்லைன் டீச்சர் ஒரு வழி சொன்னார். தெரிந்த இடத்தில், பொருளுக்கு ஒன்றாக, வார்த்தைகளை மனசால் வரிசையாக மாட்டி வைக்க வேண்டுமாம். வீட்டில் மாட்டிப் பார்த்தேன். அடுப்பைப் பார்த்தால் பால்தான் ஞாபகம் வருகிறது.

அதனால் பாப்பாவைப் பால்வாடியில் விட்டுத் திரும்பும்போது, ஆலை முன்னால் நின்ற கரும்பு டிராக்டர்களில் மாட்டினேன். பனியில் தோகைகள் நனைந்திருந்தன. ஊரே பாகு வாசனையில் பாதித் தூக்கத்தில் இருந்தது. முதல் வண்டியில் சாவி — ஷ்லூசல். அடுத்ததில் ஜன்னல் — ஃபென்ஸ்டர். நடக்க நடக்க வண்டிகள் மிதப்பது போலிருந்தது. எந்த நாட்டில் நடக்கிறேன் என்றே சற்று நேரம் தெரியவில்லை.

மறுநாள் அதே இடத்தில் வேறு வண்டிகள். கரும்பு வண்டி நகரும் என்பது இந்த ஊர் மருமகளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மாட்டினேன்.

திகைத்து நின்ற என்னை ஒரு டிரைவர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, ரெண்டு நாளா வண்டிய பாத்து முணுமுணுத்துக்கினு போற... மந்திரமா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"டோக்கன் வரிசைம்மா இது. வண்டிதான் நவுரும், வரிசை மாறாது. முன்னால போய்ப் பாரு."

"உள்ள போயிட்டதெல்லாம் என்னாகுங்கண்ணா?"

"அது சக்கரையாயிடும். தேடிக்கினு இருக்காத."

முன்னால் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு வண்டிகள் அதே வரிசையில், என் வார்த்தைகளோடு நின்றன. மீதி எட்டும் ஆலைக்குள்.

படித்ததை எல்லாம் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா? உள்ளே போனதை விட்டுவிடலாமோ? விட்டால் சோம்பேறித்தனமோ என்றும் தோன்றுகிறது...

போன சனிக்கிழமை சென்னையில் தேர்வு. பேச்சுத் தேர்வில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கு ஒரு மகள், சின்னவள், அவள் அப்பாவிடம் போக வேண்டும் — மூன்று வாக்கியமும் தேடாமலே ஜெர்மனில் வந்தன. வெளியே வந்ததும் வழக்கம்போல சந்தேகம். சரியாகத்தான் சொன்னேனா?

ரிசல்ட் இன்னும் வரவில்லை.

நேற்று கள்ளக்குறிச்சியில் பாப்பாவுக்கு ஸ்வெட்டர் கேட்டேன். "இன்னாம்மா, கல்வராயன் மலைக்கா போறீங்க?" என்றார் கடைக்கார பாய்.

"தூரம் கொஞ்சம் ஜாஸ்திங்க" என்றேன்.

ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கினேன் — விசா லேட்டானாலும் போட்டுக்கொள்ளலாம்.